இரும்பு தெரிகிற வரைக்கும்

சேலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துக்கோங்கக்கா, எண்ணெய் ஒட்டிரும். நாலு சுற்று பேப்பர் சுற்றியிருக்கேன், அப்படியும் கசியுது. இல்லையில்லை, மீன் இல்லை. இவ்வளவு நீளமான மீனை யாராவது மடியில் வச்சுக்கிட்டு வருவாங்களா? கண்டக்டரும் ஏறும்போதே முறைச்சார். "இதுக்கு லக்கேஜ் போடோணும் அம்மணி"ன்னார். மடியில் இருக்கிற சாமானுக்கு லக்கேஜ்னு எந்த விதியில் எழுதியிருக்குன்னு கேட்டேன். பேசாமப் போயிட்டார். பதில் இல்லாதவங்க எல்லாரும் அப்படித்தான், பேசாமப் போயிடுவாங்க. எங்க வீட்டிலயும் அதே கதைதான். நான் பேச ஆரம்பிச்சா அப்பா தோட்டத்துக்குக் கிளம்பிடுவார், அண்ணன் போனை எடுத்துக்குவான், அம்மா பால் சொசைட்டிக்கு நேரமாச்சும்பாங்க. மூணு பேரும் தோத்தாச்சுன்னு அர்த்தம்.

இது செயின் கவர். பைக்குக்குப் பின்சக்கரம் வரைக்கும் ஒரு சங்கிலி ஓடுமில்லையா, துணி மாட்டாம இருக்க அதுக்கு மேல ஒரு தகடு மூடியிருக்குமே, அதேதான். வெறும் தகடுன்னு நினைச்சுடாதீங்க. இது ஒரு சாட்சி. வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா முன்னாடி வைக்கப் போறேன்.

நீங்க எங்க இறங்கணும்? சத்தியா? நான் புளியம்பட்டி. அப்ப நேரம் கிடக்கு. முழுசாச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. பாதியில தீர்ப்புச் சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

என் பேர் வினோதினி. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ரெண்டாம் வருஷம். தினமும் காலைல ஆறே காலுக்கு இந்த வழியிலதான் பஸ் ஏறுவேன். போக வர ரெண்டரை மணி நேரம், அதுல முக்கால்வாசி நின்னுக்கிட்டே. இன்னைக்கு மதியமே திரும்பறதால உங்க பக்கத்துல இடம் கிடைச்சது. எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய் ஓரத்துல ஒரு பைக் தார்ப்பாய் போத்திக்கிட்டு நின்னுட்டிருந்தது. நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். பதினோரு வருஷமா யாரும் தொடலை. கோழி முட்டை வைக்க மட்டும் பயன்பட்டது. இந்தச் சித்திரையில அப்பாவுக்குத் திடீர்னு ஒரு யோசனை. "அந்த வண்டியைச் சரி பண்ணி நவநீதனுக்குக் குடுத்துரலாம்"னார்.

நவநீதன் என் அண்ணன். ஓசூர்ல வேலை பார்க்கிறான். அவன்கிட்ட ஏற்கனவே ஒரு பைக் இருக்கு, நல்ல பைக். என்கிட்ட இருக்கிறது பஸ் பாஸ்.

"ஏன் எனக்கில்லை?"ன்னு கேட்டேன். சாதாரணக் கேள்விதானே?

"அது கியர் வண்டி அம்மணி. உதைச்சுக் கிளப்போணும்."

"எனக்குக் கால் இல்லையாப்பா?"

"காலு இருக்குது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அத்தன சத்தம்?"

சத்தமாம்! வண்டிச் சத்தத்துல ஆம்பளைச் சத்தம் பொம்பளைச் சத்தம்னு உண்டாக்கா? சொத்துல பெண்ணுக்கும் சம பங்குன்னு சட்டம் இருக்குன்னு ஆரம்பிச்சேன். மூணு வாரம் விடலை. பல் விளக்கும்போது, சோறு திங்கும்போது, அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது. ஒரு நாள் அவர் சவரம் பண்ணிக்கிட்டிருந்தார். பாதிக் கன்னத்துல நுரையோட திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அது எங்கப்பன் சொத்தில்லை, என்ற சம்பாத்தியம். நானா வாங்கினது. ஆருக்கு வேணாலும் குடுப்பேன்."

அதுலதான் நான் சறுக்கிட்டேன். சட்டம் படிக்கிற என் ஃப்ரெண்ட் ஃபர்ஹானாகிட்டக் கேட்டேன். "சொந்தச் சம்பாத்தியம்னா அவர் இஷ்டம்தான்டி, நீ வாயை மூடு"ன்னுட்டா. வாயை மூடினேன். ரெண்டு நாள். அப்பாவே பயந்துபோய் அம்மாகிட்ட, "புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாராம்.

மூணாம் நாள் அவராக வந்து, "நீதான் கெமிஸ்ட்ரி படிக்கறயே, அந்தக் குரோம் போட்ட பாகமெல்லாம் பொரிஞ்சு கெடக்குது. அதை மட்டும் சரி பண்ணி அண்ணனுக்கு ஒத்தாசை பண்ணு"ன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு... ஒத்தாசை! ஆனா சரின்னேன். ஏன்னு கேளுங்க. பாகம் என் கையில இருக்கிற வரைக்கும் வண்டி நவநீதன் கைக்குப் போகாது. இன்ஜினை அவன் மெக்கானிக்கிட்டக் கொடுத்துட்டான், பத்தே நாள்ல முடிஞ்சது. நான் மூணு மாசம் இழுத்தேன்.

பழைய குரோம் மேலயே புதுக் குரோம் போட்டா நிக்காதுக்கா. மறுபடி பொரிஞ்சு, உரிஞ்சு வந்துடும். முதல்ல பழசை எடுத்தாகணும். யூனிவர்சிட்டியில விசாரிச்சு, கணபதி ஏரியாவுல காஜா அண்ணன்னு ஒருத்தரோட பிளேட்டிங் பட்டறைக்குப் போனேன். நாற்பது வயசு இருக்கும், ஒல்லியா, பனியனோட. ரெண்டு மட்கார்டு, ஹேண்டில்பார், சைலன்சர், இந்தச் செயின் கவர், அஞ்சையும் இறக்கினேன். முதல் நாளே தகராறு. அவர் வெறுங்கையோட ஆசிட்ல கம்பியை விட்டுத் துழாவறார். கையுறை ஆணியில தொங்குது.

"அது யாருக்கு?"ன்னு கேட்டேன்.

"இன்ஸ்பெக்டருக்குங்க."

இன்னொரு தொட்டியில சோடாத் தண்ணிக்குள்ள கரண்டை மாத்திக் கொடுத்துக் குரோம் எடுத்துக்கிட்டிருந்தார். தண்ணி நல்ல மஞ்சள். "அண்ணா, அந்த மஞ்சள் என்ன தெரியுமா? புத்துநோய்!"னேன். அரை மணி நேரம் விளக்கினேன். இரும்புத் தொட்டி மேல சாக்பீஸ்ல சமன்பாடே எழுதிக் காட்டினேன். எல்லாம் கேட்டுட்டு, "டீ குடிக்கறீங்களா அம்மணி?"ன்னார். மறுநாள் போனா மஞ்சள் தண்ணித் தொட்டியை ஓரங்கட்டிட்டு ஆசிட் முறைக்கு மாறியிருந்தார். மூணாவது நாள் கையுறையும் போட்டுக்கிட்டார். "அம்மணி வாயைவிட ஆசிட்டு எவ்வளவோ தேவலாமுங்க"ன்னார். எப்படிச் சொன்னா என்ன, வெற்றி வெற்றிதானே?

ஆசிட்ல குரோம் போறதைப் பார்த்திருக்கீங்களா? பார்க்கணும்க்கா. முக்கினதும் சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைக்கும். தண்ணி பச்சையாகும். அஞ்சு நிமிஷம்தான். இத்தனை வருஷப் பளபளப்பும் அஞ்சே நிமிஷத்துல போயிடும். எடுத்துக் கழுவினா அடியில இன்னொரு வெள்ளி நிறம், கொஞ்சம் மஞ்சள் பூசின மாதிரி. அதுதான் நிக்கல். நாம குரோம் குரோம்னு சொல்றோமே, அது மேலே இருக்கிற மெல்லிசுப் போர்வை. உள்ளே இருக்கிற மெத்தை நிக்கல்.

"அவ்வளவுதானுங்க"ன்னார் காஜா அண்ணன். "நிக்கலு நல்லாத்தான் இருக்குது. ஒரு பாலிசு போட்டு, அது மேலயே புதுக் குரோமு போட்டுக் குடுத்தர்றேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க."

வெள்ளிக்கிழமையா? அதுக்குள்ள முடிஞ்சா வண்டி நவநீதனுக்குப் போயிடுமே! "முடியாது, அடி வரைக்கும் எடுக்கணும்"னேன்.

"எதுக்குங்க?"

"அறிவியல் முறை அதுதான்."

"நான் பதினெட்டு வருசமா இந்த முறையிலதானுங்க பண்றேன்."

"பதினெட்டு வருஷமாத் தப்புப் பண்ணினா அது சரியாயிடுமா?"

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன, அவர் சொன்னதுல தப்பொண்ணும் இல்லை. நிக்கலை விட்டுடலாம். ஆனா ஒருதடவை வாயால சொல்லியாச்சு, பின்வாங்க முடியுமா? அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அப்பா, "அந்தாளு சொல்றதைக் கேளு"ன்னார். அம்மா அடுப்புல தோசை ஊத்திக்கிட்டே, திரும்பாமலே, "அடி வரைக்கும் போகட்டும். புள்ள சொல்றதுதான் சரி"ன்னாங்க.

எனக்குக் கையில எடுத்த தோசை நின்னுபோச்சு. எங்கம்மா என் வாதத்தை ஆதரிச்சது அதுதான் முதல் தடவை. சும்மா சொல்லக் கூடாது, அன்னையிலேர்ந்து அம்மாவுக்குக் கெமிஸ்ட்ரியில ஒரு ஆர்வமே வந்துடுச்சு. தினமும் வந்ததும் கேட்பாங்க. "எது வரைக்கும் போயிருக்குது? நிக்கலு போச்சா? அந்தச் செயின் கவரு மட்டும் எப்படி இருக்குது?" நான் பொறுமையா, வெங்காயத்தை வச்சு ஒவ்வொரு தோலா உரிச்சுக் காட்டி விளக்கினேன். பத்தாவதுதான் படிச்சிருக்காங்க, பாவம். ஆசிட்னா பயந்துடப் போறாங்கன்னு அதை மெதுவா, பக்குவமாச் சொன்னேன். அம்மாவுக்குப் பால் சொசைட்டியில டெஸ்டர் வேலை. பால்ல கொழுப்பு எவ்வளவுன்னு பார்க்க இருபது வருஷமா தினமும் கந்தக அமிலம் அளந்து ஊத்தறாங்க. அது வேற. அது பழக்கம், இது அறிவியல். வித்தியாசம் இருக்கில்லையா?

அம்மா சொன்ன இன்னொண்ணு: "செயின் கவருக்கு மட்டும் அவசரப்பட்டு பாலிசு போடச் சொல்லிராத கண்ணு." ஏன்னு கேட்டேன். "சும்மாத்தான்"ன்னாங்க. படிக்காதவங்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனா ஒரு உள்ளுணர்வு இருக்கும். நான் அதை மதிக்கிறேன்.

சரி, நிக்கலையும் எடுத்தோம். மட்கார்டு, ஹேண்டில்பார், சைலன்சர் எல்லாத்துலயும் நிக்கலுக்கு அடியில நேரா இரும்பு. இந்தச் செயின் கவர்ல மட்டும் செக்கச் செவேல்னு இருக்கு. செம்பு! காஜா அண்ணன் நகத்தால சுரண்டிப் பார்த்தார்.

"அம்மணி, இது கம்பெனியில போட்ட குரோமு இல்லீங்க. கம்பெனியிலருந்து இது கருப்புப் பெயிண்டோட வந்திருக்கும். அப்புறமா யாரோ வெளிய குடுத்துப் போட்டிருக்காங்க. அதும் செம்பை எவ்வளவு கனமாப் போட்டிருக்கான் பாருங்க. இந்தக் கனம் எதுக்குன்னா, மேடு பள்ளத்தை ரொப்பறதுக்கு. யாரோ எதையோ மூடியிருக்காங்க."

"அண்ணா, அறிவியல்ல ஊகத்துக்கு இடமே கிடையாது"ன்னேன்.

அவரும் தொட்டியைக் கழுவப் போயிட்டார்.

அந்தச் செம்பை எடுக்கிற மருந்து கொடிய விஷம், அதைப் பட்டறையில வச்சுக்க மாட்டேன்னார். அதுல மட்டும் நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனோம். பஃப் மிஷின்ல தேய்ச்சே எடுத்துடலாம்னார். நான் விடலை. இரும்பைத் தொடாம செம்பை மட்டும் கரைக்கிறதுக்கு அமோனியா சேர்த்து ஒரு கரைசல் இருக்கு, அதை நானே தயார் பண்றேன்னேன். ஆனா இத்தனை நீளத்துக்குப் பிளாஸ்டிக் தொட்டி வேணுமே? வீட்டுல வந்து புலம்பினேன். மறுநாள் சாயங்காலம் அம்மா மொபெட்ல ஒரு நீளத் தொட்டியைக் கட்டிக்கிட்டு வந்து இறக்கினாங்க. பட்டறைக்குக் கொண்டுபோய் வச்சுப் பார்த்தா செயின் கவர் உள்ளே அச்சா உட்காருது, ஒரு விரல் இடைவெளி. எங்கம்மாவுக்குக் கண்ணளவு அவ்வளவு துல்லியம்.

நேத்துத்தான் அந்த வேலை. கரைசல்ல போட்டதும் தண்ணி நீலமாச்சு பாருங்க, மயில் கழுத்து நீலம். காஜா அண்ணனே கையுறையோட வந்து நின்னு, "அட, நல்லாத்தானுங்க இருக்குது"ன்னார். ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்துக் கழுவித் துணியால துடைச்சேன். நல்ல சாம்பல் நிற இரும்பு. ஆனா நடுவுல பொடிப்பொடியாக் குழி. ஊசியால குத்தின மாதிரி ஒரு சாண் நீளத்துக்குக் குழி.

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணா! உங்க ஆசிட் என் இரும்பை அரிச்சிருச்சு! அன்னைக்கே அஞ்சு நிமிஷத்துல எடுங்கன்னு சொன்னேனா இல்லையா? நீங்க டீக்கடைக்குப் போய் அரசியல் பேசிட்டு வந்தீங்க! இதுக்கு யார் பொறுப்பு? எழுதிக் கொடுங்க!" பத்து நிமிஷம் விடாமப் பேசினேன். பக்கத்துப் பட்டறை ஆளுங்க எல்லாம் வந்து கூடிட்டாங்க. நான் மூச்சு வாங்கின இடைவெளியில காஜா அண்ணன் என் கையிலருந்து செயின் கவரை வாங்கினார். தலைகீழாத் திருப்பினார். திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"ஆசிட்டு அரிச்சா வரிசையா அரிக்குமுங்களா? படிங்க அம்மணி."

படிச்சேன்க்கா. பாத்திரத்துல பேர் வெட்டுவாங்களே, புள்ளி புள்ளியா உளியால தட்டி, அந்த எழுத்து. 'பொ. சுலோச்சனா. 9-6-96.'

"யாருங்க அது?"

"எங்கம்மா."

காஜா அண்ணன் சிரிச்சார் பாருங்க. "கொடத்துக்குப் பேரு வெட்டிப் பாத்திருக்கேன், குத்துவெளக்குக்குப் பாத்திருக்கேன். வண்டிக்குப் பேரு வெட்டினதை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்!"

புரியுதாக்கா? எங்கம்மாவோட அப்பா, எங்க அப்புச்சி பொன்னுசாமி, நம்பியூர்ல பாத்திரக்கடை வச்சிருந்தவர். அம்மா கல்யாணத்துக்கு அவர் வச்ச சீர்ல அண்டா, குடம், போசி எல்லாத்துலயும் இதே பேர்தான் இருக்கும். எங்க வீட்டுக் கரண்டியில இடம் பத்தாம 'பொ.சு.'ன்னு வெட்டியிருக்கும். அந்த மனுஷன் எதைச் சீர்ல வச்சாலும் மகள் பேரை வெட்டித்தான் அனுப்புவார். வண்டியையும் விடலை! அந்தத் தேதி எங்கப்பா அம்மா கல்யாணத் தேதி. அப்ப இந்த வண்டி அப்பா சம்பாத்தியம் இல்லை. அம்மாவுக்கு அவங்க அப்பா வச்ச சீர். அதைக் கனமாச் செம்பு ரொப்பி, நிக்கல் போட்டு, குரோம் போட்டு மூடிட்டு, "நானா வாங்கினது"ன்னு என்கிட்ட நுரையோட சொல்றார்!

காஜா அண்ணன் உடனே மடக்கப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, போன வாரந்தான் சீரு வாங்கறதே குத்தம், அப்படி வந்த பொருளைத் தொடக்கூடாதுன்னு டிபேட்டுல பேசினேன்னு சொன்னீங்களே?" பேசினேன்தான். ரெண்டாம் பரிசு. முதல் பரிசு கிடைக்க வேண்டியது, எதிர்த்துப் பேசின ஒரு பையன் தட்டிட்டுப் போயிட்டான். சீர் வேற, வரதட்சணை வேற, சீர் பொண்ணோட உரிமைன்னு என்னவோ உளறினான். நான் காஜா அண்ணனுக்குத் தெளிவாச் சொல்லிட்டேன்: "அண்ணா, சீர் வேற, வரதட்சணை வேற. சீர் பொண்ணோட உரிமை. ரெண்டையும் குழப்பக் கூடாது." உடனே டீ சொல்லிட்டார்.

அந்தச் சந்தோஷத்துல ஒரு தப்புப் பண்ணிட்டேன். நவநீதனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஜெயிச்சா எதிராளிகிட்டச் சொல்லாம இருக்க முடியுமா? அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அப்பாவே அம்மா மேல இருந்த ஆசையில வெட்டியிருப்பாரு." அப்ப இனிஷியல் என்னாச்சுன்னு கேட்டேன். கல்யாணத்துக்கப்புறம்னா அப்பா பேர் தண்டபாணிக்கு 'த.' இல்ல வந்திருக்கணும்? 'பொ.'ன்னா அது அவங்க அப்பா வீட்டுல வெட்டினது. அதோட, ஆசையா வெட்டினவர் எதுக்கு மூடணும்? "அப்புறம் பேசறேன்"னு வச்சுட்டான்.

இன்னைக்குக் காலைல காஜா அண்ணன் எனக்குப் போன் பண்றார். "அம்மணி, உங்கண்ணன் கூப்பிட்டாருங்க. செயின் கவரை இன்னைக்கே பஃப் போட்டு முடிச்சிரச் சொல்றாரு. பஃப் போட்டா எழுத்து போயிருமுங்க. என்ன பண்ணட்டும்?" பார்த்தீங்களா சதியை! வகுப்பை விட்டுட்டு ஓடினேன். "தொடாதீங்க, பேக் பண்ணுங்க"ன்னேன். வெறும் இரும்பு, துருப் பிடிச்சிரும்னு அவர்தான் எண்ணெய் தடவி, பேப்பர் சுற்றிக் கொடுத்தார். அந்த எண்ணெய்தான் உங்க சேலை வரைக்கும் வந்திருக்கு.

இப்ப நேரா வீடு. அம்மா முன்னாடி வைப்பேன். பாவம், பார்த்ததும் மயங்கி விழாம இருந்தாச் சரி. அப்புறம் அப்பாவைக் கூப்பிடுவேன். வண்டி அம்மாவோடது, அம்மா யாருக்குக் கொடுக்கறாங்களோ அவங்களுக்கு. மூணு மாசம் கஷ்டப்பட்டு அவங்க உரிமையைத் தோண்டி எடுத்தது யாரு? வேற யாருக்குக் கொடுப்பாங்க? நீங்களே சொல்லுங்க... இருங்க, போன். அம்மாதான்.

அம்மா... ம், பஸ்லதான். அன்னூர் தாண்டியாச்சு. ... என்னது? ... ஆமா, முழுசா இருக்கு. தேதியோட. ... பார்த்தீங்களாக்கா, நவநீதன் அதுக்குள்ள போட்டுக் கொடுத்துட்டான், பேர் முழுசா இருக்கான்னு கேட்கறாங்க! ... ஒண்ணுமில்லம்மா, பக்கத்துல ஒரு அக்கா. அப்பா இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு.

அப்பா, அந்தச் செயின் கவர்ல ஒரு பேர் இருக்கு.

...

அக்கா, கேட்டுச்சா? கேட்டுச்சா உங்களுக்கு? "அது இன்னும் அழியலையா?"ங்கறார்! ஒப்புக்கிட்டார்! ... அப்பா, ஏன் மூடினீங்க, அதைச் சொல்லுங்க. ... என்ன? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ல கேட்கலை. ... சொசைட்டி முக்குல எல்லாரும் 'கொடம் வருது, கொடம் வருது'ன்னு கூப்பிட்டாங்களாம்க்கா! பொண்டாட்டி பேர் வெட்டின வண்டின்னு! அதுக்காக மூடினாராம்! சிரிக்காதீங்கக்கா, எனக்கும் சிரிப்பு வருது, நான் இப்பக் கோபமா இருக்கணும். ... அப்பா, அப்ப அது உங்க சம்பாத்தியம் இல்லை. சரிதானே? ... போயிட்டார். தோட்டத்துக்குத்தான்.

அம்மா, இப்ப நீ சொல்லு. ஆர்.சி. புக்ல யார் பேர் இருந்தா என்ன, பொருள் உன்னோடது. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. நானும் கூடாது. உன் உரிமை. யாருக்குன்னு நீதான் முடிவு பண்ணணும். தைரியமாச் சொல்லு.

...

என்னம்மா?

...

இல்லம்மா, அது வந்து... இல்ல, நான் சொன்னதுதான், ஆனா லைசன்ஸ்... ஓ. சரி. ... சரிம்மா. ... ம். வைக்கறேன்.

ஒண்ணுமில்லக்கா. தண்ணி இருந்தாக் கொஞ்சம் கொடுங்க.

யாருக்கும் தர மாட்டாங்களாம். அவங்களுக்கே வேணுமாம். "என்ற வண்டின்னு நீதானே கண்ணு சொன்ன? அப்ப நானே ஓட்டிக்கறேன்"ங்கறாங்க. மொபெட் பால் கேனோட மேடு ஏற மாட்டேங்குதாம். செயின் கவருக்குக் குரோமே வேண்டாமாம், எழுத்து தெரியற மாதிரி மேல வார்னிஷ் மட்டும் அடிச்சாப் போதுமாம். காலைல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைப் பின்னாடி உட்கார வச்சுக் கொண்டுவந்து விடறாங்களாம். ஐம்பது வயசுலம்மா, கியர் வண்டியான்னு கேட்கலாம்னு வாயெடுத்தேன். எப்படிக் கேட்கிறது? மூணு வாரம் அப்பாகிட்ட நான் பேசின ஒவ்வொரு பாயிண்ட்டும் அம்மா பக்கம் போய் நின்னுக்கிட்டிருக்கு. எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும், யோசிச்சுக்கிட்டே வர்றேன், கிடைக்க மாட்டேங்குது. நான் அவ்வளவு சரியாப் பேசியிருக்கேன்.

இதோ பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. அந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க, எந்திரிச்சுக்கறேன். சேலையில பட்டுடாம.

எதுக்குச் சிரிக்கறீங்க? உங்களுக்கு முழு விவரமும் தெரியலை. லைசன்ஸ் இல்லாம ஓட்ட முடியாதேம்மான்னு கடைசியா ஒரு வழி பார்த்தேன். கியர் வண்டிக்குப் போன மாசமே எல்.எல்.ஆர். எடுத்து வச்சிருக்காங்களாம்! கையில வண்டியே இல்லாதப்ப! பேர் கிடைச்சதே நேத்துத்தானேக்கா. நான் மட்டும் காஜா அண்ணன் பேச்சைக் கேட்டு நிக்கலோட நிறுத்தியிருந்தேன்னு வைங்க, அந்த எல்.எல்.ஆர். வீணால்ல போயிருக்கும்!